அடங்காப்பிடாரி செத்த ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு எக்ஸ்ரேக்காரர் வீட்டுச் சமையலறை மேசைமேல் ஒரு சாவு விழுந்தது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மனைவி இரண்டடி தள்ளி நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

செத்தவள் பெயர் அடங்காப்பிடாரி. அவள் இருந்ததெல்லாம் எக்ஸ்ரேக்காரரின் நோட்டுப் புத்தகங்களில். பதினாலு வருஷம், இருபத்து மூன்று நோட்டு. இடக்கைக்காரி. ஈட்டி எறிவாள். குதிரை இல்லாவிட்டால் கழுதையாவது வேண்டும், நடக்க மாட்டாள். நாலு ராஜ்யத்தில் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டில் பிடித்து உள்ளே போட, இரண்டில் நன்றி சொல்ல. யார் பேச்சையும் கேட்க மாட்டாள் என்பதால்தான் அந்தப் பெயர்.

விளையாட்டு இதுதான். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தங்களை நினைத்துக்கொண்டு, பூதமும் கோட்டையும் இருக்கிற ஒரு கற்பனை நாட்டில் திரிவார்கள். ஒருத்தர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார்; யாருக்கு என்ன ஆகிறது என்பதைப் பகடை தீர்மானிக்கும். எக்ஸ்ரேக்காரர் பழைய புத்தகக் கடை ஒன்றில் இந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தை வாங்கிவந்து, அந்த நாலைந்து பேரை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டார். தனியாகவே ஆடினார். கதை சொல்பவரும் அவர், கேட்பவரும் அவர். சந்தேகம் வந்தால் பகடையைக் கேட்பார். கதவு பூட்டியிருக்கிறதா? காவல்காரன் தூங்குகிறானா? இருபது முகம் கொண்ட பகடை அது. பத்துக்கு மேல் விழுந்தால் ஆமாம், பத்தோ அதற்குக் கீழோ என்றால் இல்லை. விழுந்த எண்ணை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு கதையை மேலே நகர்த்துவார்.

முதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு விதியை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். விழுந்தது விழுந்ததுதான், மறுபடி உருட்டக் கூடாது. பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அதை மீறியதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு மனுஷன் இத்தனை ஒழுங்காக இருந்தால் அவரைப் பாராட்டுவதா, பயப்படுவதா, எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பிடாரி பனிமூட்டத்தில் ஒரு கயிற்றுப் பாலத்தின் மறுகோடியில் நின்றாள். உப்பு வியாபாரிகள் பதினோரு பேரையும் அக்கரை சேர்த்தாயிற்று. பாலத்தின் நடுவில் ஒரே ஒரு கழுதை மட்டும் நகர மாட்டேன் என்று நின்றது. அதற்காகத் திரும்பிப் போவாளா? பகடை பதினேழு என்றது. போனாள். கயிறு தாங்குமா? மூன்று. சரி, அறுந்த கயிற்றை எட்டிப் பிடித்துவிடுவாள், அவள் பிடிக்காத கயிறா? கைவந்த வேலைக்கு விதி கொஞ்சம் தளரும், ஆறு விழுந்தால் போதும். ஆறுக்கு மேல் இன்னும் பதினாலு எண் இருக்கிறது. உருட்டினார்.

நாலு.

பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தால் மாறிவிடுமா? விரல் நுனியால் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் பக்கத்து முகத்துக்குப் புரண்டுவிடும், கேட்க ஆளில்லை. கை நீண்டது. நீண்ட கை பேனாவை எடுத்தது. "பாலத்திலிருந்து விழுந்தாள்" என்று எழுதி, ஓரத்தில் நாலு என்று போட்டார். எழுதி முடித்ததும் அவருக்குக் காது அடைத்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் ஓடுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

"என்னங்க, முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"சாயங்காலம் ஜன்னல் திரை வாங்கப் போகணும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"ம்."

போனார். நீலத் திரையா பச்சைத் திரையா என்று மனைவி கேட்டதற்கு, "எதுவா இருந்தா என்ன" என்றார். மனைவிக்குச் சுருக்கென்றது. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர், இதைவிட எத்தனையோ பார்த்தவர். பச்சையை வாங்கிக்கொண்டார்.

எக்ஸ்ரேக்காரர் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் தரைத்தளத்தில் அவருடைய அறை. கனமான கதவு, அதன்மேல் சிவப்பு விளக்கு, ஆணியில் தொங்குகிற ஈயக் கவசம். உள்ளே வருகிற எவரும் பலகையில் மார்பை ஒட்டியதும், "ஐயோ, சில்லுனு இருக்கு" என்பார்கள். அவர் பதிலுக்கு மூன்று வாக்கியம் சொல்வார். மூச்சை இழுங்க. பிடிச்சுக்குங்க. விடலாம். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு இதே மூன்றுதான். படம் திரையில் வந்ததும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் சொல்லக் கூடாது. படம் எடுப்பவர் படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த வேலையின் முதல் சட்டம் அது. வெளியே வந்தவர்கள் அவர் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். அவர் முகத்தைத் துடைத்துவைத்த பலகைபோல வைத்துக்கொள்வார். அந்த ஆஸ்பத்திரியில் அவரைப்போல வாயைக் கட்டியவர் யாருமில்லை.

அப்பேர்ப்பட்டவர் திங்கட்கிழமை காலையில் ஒரு பெயிண்டரின் இடது மணிக்கட்டைப் படமெடுத்தார். பெயிண்டர் ஏணியிலிருந்து விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டு வந்தவர்.

"சார், வலிக்கிறது இந்தக் கை."

எக்ஸ்ரேக்காரர் சீட்டைப் பார்த்தார். வலது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருஷத்தில் இது முதல் தடவை. படத்தைத் திரும்ப எடுத்து அனுப்பிவிட்டு அறைக்கு வெளியே வந்து, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

வெளியே மேசை போட்டு உட்கார்ந்து வரிசை எண் கொடுப்பவர் டோக்கன் அக்கா. எக்ஸ்ரேக்காரரைவிட மூன்று வயது சின்னவர், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. யார் முகம் சுண்டினாலும் முதலில் கண்ணில் படுவது அவருக்குத்தான்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா? வீட்ல ஏதாவது?"

"ஒருத்தி போயிட்டா."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே தெரிந்தது.

"ஐயையோ! யாரு சார்?"

யாரென்று சொல்வார்? வாய் திறந்தபடி நின்றது, வார்த்தை வரவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று டோக்கன் அக்கா எடுத்துக்கொண்டார். அது பொய்யும் இல்லை. "நேத்து... பாலத்துலேர்ந்து விழுந்துட்டா" என்பதுவரை வந்தது. அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு நிமிஷத்தில் அவர் மாடியேறிப் போய், விடுப்புக் கணக்குப் பார்க்கும் லீவு சாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

லீவு சார் நல்லவர்தான், படிவம் பூர்த்தியாகாத மனிதர்களைக் கண்டால் மட்டும் அவருக்குக் கை பரபரக்கும். துக்க விடுப்பு மூன்று நாள் உண்டு, சம்பளம் பிடிக்க மாட்டார்கள், இறப்புச் சான்றிதழ் நகலைப் பத்து நாளில் கொடுத்தால் போதும் என்று சொல்லிப் படிவத்தை நீட்டினார். இறந்தவர் உறவு என்று ஒரு வரி. அதில் தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள், அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று வரிசையாகக் கட்டங்கள். நோட்டில் வாழ்ந்தவள் என்று ஒரு கட்டம் இல்லை. சிநேகிதி என்றுகூட இல்லை. எக்ஸ்ரேக்காரரின் பேனா கட்டங்களின்மேல் தடுமாறி, கடைசிக் கட்டத்தில் ஒரு டிக் போட்டது.

"பேரு?" என்றார் லீவு சார்.

எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தால், அது அவருடைய சொந்தத் தங்கையின் பெயர். ஊருக்கு அந்தப் பக்கம், நாற்பது நிமிஷ தூரத்தில், குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிற தங்கை.

'இல்ல சார், தப்பா எழுதிட்டேன்' என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? லீவு சார் அதற்குள் பணிப் பதிவேட்டைப் புரட்டி, குடும்ப விவரத்தில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, சரிபார்த்த திருப்தியோடு முத்திரையைக் குத்திவிட்டார். தோளில் தட்டி, "வீட்டுக்குப் போங்க" என்றார். எக்ஸ்ரேக்காரர் வாயைக் கட்டிப் பழகியவர். போய்விட்டார். மனைவியிடம் லேசாகக் காய்ச்சல் என்றார்.

அந்தத் தங்கையோடு அவர் பேசிப் பதினாலு வருஷம் ஆகிறது. அம்மா ரொம்ப நாளாக இருமிக்கொண்டிருந்தார் என்று அவர்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து தன் கையாலேயே படமெடுத்தார். மூச்சை இழும்மா, பிடிச்சுக்கோ, விடலாம். திரையில் வந்ததைப் பார்த்தார். அம்மா வெளியே வந்து மகன் முகத்தைப் பார்த்தார். மகன் முகம் பலகை. தங்கை அப்போது ஏழு மாசம், ரத்தக் கொதிப்பு வேறு. அதிர்ச்சியான எதையும் அவள் காதில் போடக் கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் தானாக ஒரு முடிவெடுத்தார். குழந்தை பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். போனில் தங்கை கேட்கும்போதெல்லாம், "சாதாரண இருமல்தான்" என்றார், அம்மாவையும் அப்படியே சொல்ல வைத்தார். ஒன்பதே வாரம். கைக்குழந்தையோடு தங்கை வந்து நின்றபோது அம்மா இல்லை, சுவரில் படம் இருந்தது.

அவள் கத்தவில்லை. "எனக்கு அண்ணன்னு யாரும் கிடையாது" என்றாள், குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள், போய்விட்டாள். அந்த வருஷம்தான் எக்ஸ்ரேக்காரர் பகடை வாங்கினார். தானாக ஒரு முடிவெடுத்துப் பட்டது ஜென்மத்துக்கும் போதும் என்று இருந்தது அவருக்கு. பகடை சொன்னால் அது பகடை சொன்னது, அவர் மேல் பழி இல்லை. தங்கை இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். கூரைமேல் பலகை வைத்த அவளுடைய வெள்ளைக் காரை எப்போதாவது சாலையில் பார்த்தால், அவர் பஸ் நிறுத்தத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ஐம்பது வயது மனுஷர், வெட்கக்கேடு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றியிருந்தார். கதவைத் திறந்தால் டோக்கன் அக்காவும் லீவு சாரும். அக்கா கையில் பழப் பை. லீவு சார் கையில் ஒரு வெள்ளை மலர் வளையம், அதைச் சுற்றிக் கறுப்பு நாடா.

டோக்கன் அக்கா மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மனசைத் தேத்திக்குங்கம்மா. நம்ம கையில என்ன இருக்கு?"

"எதுக்கு?" என்றார் மனைவி.

"உங்க நாத்தனார்..."

"அவளுக்கு என்ன?"

லீவு சார் நாடாவை நிமிர்த்திக் காட்டினார். அதில் பெயரே எழுதியிருந்தது.

மனைவி அதைப் படித்தார். இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ஐயோ! முந்தாநேத்துக் கூடப் போன்ல பேசினாளே! மூணாவது கியர் போடத் தெரியாத ஒருத்தரைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாளே!"

உள் அறைக் கதவருகே நின்ற எக்ஸ்ரேக்காரருக்குத் தலை சுற்றியது. சாவு வீடாகிவிட்ட தன் கூடம் ஒரு பக்கம். மனைவி சொன்னது இன்னொரு பக்கம். "நீ... அவகூடப் பேசறியா?"

"பதினாலு வருஷமாப் பேசறேன்! உங்ககிட்டச் சொன்னா முகத்தைத் தூக்கி வெச்சுக்குவீங்கன்னு சொல்லல!" என்று அழுகைக்கு நடுவே மனைவி சீறினார். "அவ செத்ததை எங்கிட்டச் சொல்லாம எப்படிங்க ரெண்டு நாளா காய்ச்சல்னு படுத்திருந்தீங்க? நீங்க மனுஷனா?"

"அவ சாகல," என்றார் எக்ஸ்ரேக்காரர். குரல் வெளியே வரவில்லை. "அவ சாகல" என்று இன்னொரு தடவை சொல்லப் போனார். வாசலில் ஒரு கார் கிறீச்சென்று நின்றது. கூரைமேல் பலகை வைத்த வெள்ளைக் கார்.

அதிலிருந்து இறங்கியவள் கதவை அறைந்து சாத்திவிட்டு, சாவியை இடக்கையில் சுழற்றிக்கொண்டு படியேறி வந்தாள். திறந்திருந்த கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"சாவு வீடு இதுதானே?"

"ஆமாம்மா," என்றார் டோக்கன் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க சொந்தமா?"

"நான்தான் செத்தவ."

டோக்கன் அக்கா வீறிட்ட வீறலில் லீவு சார் மலர் வளையத்தைக் கீழே போட்டுவிட்டார். மனைவி தரையிலிருந்து எழுந்த வேகம் அவர் வயதுக்கு அதிகம். ஓடிப்போய் நாத்தனாரின் கன்னம், தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "விடுங்க அண்ணி, முழுசாத்தான் இருக்கேன்" என்று அவரை விலக்கிவிட்டுத் தங்கை நேரே அண்ணன் முன்னால் வந்து நின்றாள். பதினாலு வருஷத்தில் காதோரம் நரைத்திருந்தது. முறைப்பு அப்படியே இருந்தது.

"உங்க ஆஸ்பத்திரி மருந்துக் கடைப் பொண்ணு எங்கிட்டதான் கார் கத்துக்கிட்டா. என் வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்லணும்னு போன் பண்றா. எடுத்தது நான். மேடம் தவறிட்டாங்களாமே, ஸ்டாஃப் வாட்ஸ்அப்புல போட்டிருக்காங்களேன்னு எங்கிட்டயே கேக்கறா. மேடம்தான் பேசறேன்னேன். போனைக் கீழ போட்டுட்டா." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அம்மா சாகப் போறதை எனக்குச் சொல்லல. சரி. நான் செத்ததையாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்ல நீங்க?"

நீங்க. சின்ன வயசிலிருந்து நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாள். அண்ணா என்ற வார்த்தையும் வரவில்லை. எக்ஸ்ரேக்காரர் தலை குனிந்தார்.

லீவு சாருக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "ஒரு நிமிஷம். அப்ப இறந்தது யாரு? முத்திரை குத்தியாச்சு. படிவத்துல யாராவது இறந்திருக்கணுமே!"

எக்ஸ்ரேக்காரர் உள்ளே போனார். ஓடிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இருபத்து மூன்று நோட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, கூடத்து மேசைமேல் இறக்கினார். மேலே இருந்ததைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினார். சொன்னார். பகடை, பாலம், கழுதை, எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மனைவியே பார்த்ததில்லை.

லீவு சார் பக்கத்தில் விரலை வைத்தார். "ஓரத்துல நாலுன்னு போட்டிருக்கே. நாலு மணியா?"

"பகடையில நாலு சார். ஆறு விழுந்திருந்தா பொழைச்சிருப்பா."

"இல்லாத ஒருத்திக்கா மூணு நாள் லீவு?" லீவு சாருக்கு முகம் சிவந்தது. "இது தெரிஞ்சா உங்க வேலைக்கே உலை சார்! இருபத்தாறு வருஷ சர்வீஸ்!"

டோக்கன் அக்கா அதற்குள் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்திருந்தார். "பாவம் சார். ஒரு கழுதைக்காகவா திரும்பிப் போனா?" என்றார். அவர் கண்ணில் மறுபடி தண்ணீர் நின்றது. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

தங்கை எதையும் கேட்கவில்லை. அவள் கண் நோட்டின் அட்டையிலேயே நின்றுவிட்டது. அடங்காப்பிடாரி, இருபத்து மூன்றாம் புத்தகம்.

"இது அம்மா என்னைக் கூப்பிடறது," என்றாள்.

எக்ஸ்ரேக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அடித்துச் சொல்கிறேன், அந்த மனுஷருக்கு அது அப்போதுதான் உறைத்தது. இடக்கை, முறைப்பு, நடக்க மாட்டாள், பெயர்கூட. பதினாலு வருஷம் தினமும் எழுதியவருக்கு இது தெரியாதா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? நம்புகிறவர்கள் நம்பலாம். அவர் முகம் பலகையாக இல்லை, அது மட்டும் நிச்சயம். முகமெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று.

தங்கை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அடியிலிருந்து முதல் நோட்டை உருவினாள். புரட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. லீவு சார் கீழே கிடந்த மலர் வளையத்தை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். ஐந்தாவது நோட்டில் தங்கையின் விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு அவள் பழைய நோட்டுகளைத் திரும்ப எடுத்து, அதே மாதிரி இடங்களைத் தேடிப் பிடித்தாள்.

"இது என்ன?" என்று கேட்டுவிட்டுச் சத்தமாகவே படித்தாள். "சுங்கச் சாவடியில் ஒரு பெண் ஓடி வந்தாள். உங்கம்மாவுக்கு இருமல் அதிகமாகிவிட்டது, வைத்தியர் கைவிரித்துவிட்டார், உடனே புறப்படு என்றாள். பிடாரி மூன்று நாள் தூங்காமல் போய்ச் சேர்ந்தாள். அம்மா கண் விழித்து, வந்துட்டியா என்றாள்." இன்னொரு நோட்டை எடுத்தாள். "துறைமுகத்தில் ஒரு படகுக்காரன் வந்து அம்மாவைப் பற்றிச் சேதி சொன்னான். பிடாரி போய்ச் சேர்ந்தாள்." இன்னொன்று. "சேதி வந்தது. போய்ச் சேர்ந்தாள்." அவள் நோட்டைத் தாழ்த்தினாள். "ஒவ்வொரு ஊர்லயும் யாராவது வந்து சொல்லிடறாங்க. எப்பவும் நேரத்துக்குப் போயிடறா. வேற எல்லாத்துக்கும் ஓரத்துல நம்பர் போட்டிருக்கு. இதுக்கு ஒண்ணுலயும் நம்பர் இல்லையே. இதுக்கு எவ்வளவு விழுந்துச்சு?"

எக்ஸ்ரேக்காரர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு மட்டும் நான் உருட்டல," என்றார். "அதைப் பகடைகிட்ட விட எனக்கு மனசு வரல. நாப்பத்தோரு தடவை சொல்லிட்டேன். உனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கணும். அந்தப் படத்தைப் பாத்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். நான் செஞ்சது தப்பு."

தங்கை நோட்டை மூடினாள். இடக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் கழுதைக்காகவெல்லாம் திரும்பிப் போக மாட்டேன்" என்றாள்.

"பகடை பதினேழு விழுந்துச்சு."

"பகடை கிடக்கட்டும். உனக்கு என்னைத் தெரியாதா?"

மனைவி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அங்கே துலக்க ஒரு பாத்திரமும் இல்லை.

லீவு சார் தொண்டையைக் கனைத்தார். அவரும் கரைந்துதான் போயிருந்தார், ஆனால் படிவம் படிவம்தான். "நான் இதை மேல கொண்டு போகாம இருக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு. சம்பந்தப்பட்டவங்க, அதாவது இறந்தவங்க, தான் இறக்கலைன்னு எழுத்து மூலமாக் கொடுத்துட்டா, தவறுதலான பதிவுன்னு போட்டு ரத்து பண்ணிடலாம். மேற்படி விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்டுள்ள நபராகிய நான்னு ஆரம்பிங்கம்மா."

"எனக்கு எழுதத் தெரியும்," என்றாள் தங்கை. இருபத்து மூன்றாம் நோட்டின் கடைசியிலிருந்து ஒரு வெற்றுத் தாளைக் கிழித்தாள். பேனாவைத் தேடினாள். எக்ஸ்ரேக்காரர் தன் பேனாவை நீட்டினார். அவள் இடக்கையை வளைத்து வைத்துக்கொண்டு, சாய்ந்த எழுத்தில், நிறுத்தாமல் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தாளை லீவு சாரிடம் கொடுக்காமல் மேசைமேல் தள்ளினாள், அது எக்ஸ்ரேக்காரர் முன்னால் வந்து நின்றது.

அவர் படித்தார்.

'நான் சாகவில்லை. என் அண்ணன் படிவத்தில் தவறாக எழுதிவிட்டான். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை, அவன் வீட்டில் ஒருத்தி செத்திருக்கிறாள். எனக்கும் அவளை இன்றைக்குத்தான் தெரியும். அவன் மேல் நடவடிக்கை வேண்டாம்.'

முதல் வாக்கியத்தைத் தாண்டி இரண்டாவது வாக்கியத்தின் முதல் இரண்டு வார்த்தைகளில் அவர் நின்றுவிட்டார். என் அண்ணன். மற்றதை அவர் படித்தாரா என்பதே சந்தேகம். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி, புதுப் பச்சைத் திரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொடுங்க சார், ஃபைல்ல வெச்சிடறேன்," என்று லீவு சார் கையை நீட்டினார்.

இருபத்தாறு வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியின் எந்தச் சட்டத்தையும் மீறாத எக்ஸ்ரேக்காரர், தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதைத் தர முடியாது சார்."

"ஒரிஜினல் இல்லாம எப்படி ரத்து பண்றது?"

"வேலை போனாலும் தர முடியாது."

லீவு சார் திகைத்துப்போய்த் தங்கையைப் பார்த்தார். "அம்மா, நீங்களாவது இன்னொண்ணு எழுதிக் கொடுங்களேன்."

"ஒரு தடவைதான் எழுதுவேன்," என்றாள் அவள், திரும்பாமலேயே.

கடைசியில் டோக்கன் அக்காதான் தெருமுனைக் கடையில் நகல் எடுத்து வரலாம் என்று வழி சொன்னார். எக்ஸ்ரேக்காரர் அதற்கும் தாளை யார் கையிலும் கொடுக்கவில்லை, தானே வருவதாகச் சொல்லிச் செருப்பைத் தேடினார். தங்கை கார் சாவியை எடுத்தாள். முன் இருக்கையில் அவரை உட்கார வைத்து, "பெல்ட்டைப் போடு" என்று அதட்டிவிட்டு, இருநூறு அடி தூரத்துக்குக் காரை எடுத்தாள். லீவு சாருக்கு நகல்தான் கிடைத்தது.